ஜோகுபாளையம் பக்கம் திருப்பிய குழாய்

பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி எங்கே கூட்டம் போட்டாலும் மைக் செட் ஆதிகேசவனுடையதுதான். கொடி எந்த நிறமானாலும் அவருக்கு ஒன்றுதான். மசூதியையும் கோயிலையும் வைத்து நாடே இரண்டுபட்டுக் கிடந்த வருஷத்தில், காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க் கட்சிக்கும் அதே மைக்கைக் கொண்டுபோய் வைத்தார். “இன்னா ஆதி, காலைல காவி, சாயங்காலம் செவப்பு. ராத்திரிக்கு இன்னா கலரு?” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். “ராத்திரிக்கு எங்க வூட்டுக்காரி எல்லம்மா பேசுவா. அதுக்கு மைக்கே வாணாம்” என்பார்.

பேச்சை அவர் கேட்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்பார். கீச்சென்று இரையாமல் பார்த்துக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. நாடு முன்னேறுகிறது என்று ஒருவர் முழங்குவார். ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று மறுநாள் இன்னொருவர். மகன் நாகேஷ் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடும்வரை இரண்டும் அவர் காதுக்குள் நுழைந்ததில்லை. ஊரெல்லாம் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது; நாகேஷுக்கு அதில் வாசல் காக்கிற வேலைதான் கிடைத்தது. ஒரு வருஷம் சல்யூட் அடித்துப் பார்த்தான். பிறகு ஏஜென்ட்டைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கிளம்பினான்.

எல்லம்மா லேசில் விடவில்லை. அவள் கூடப்பிறந்த தம்பி முனிரத்தினம் குவைத்தில் டிரைவராக இருந்தவன். தொண்ணூற்றொன்றில் அங்கே நடந்த சண்டையில் என்ன ஆனான் என்றே தெரியாமல் போயிற்று. சண்டை நடக்கிற சீமைக்குப் போகமாட்டேன் என்று மகனைத் தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். துபாய் ஓட்டல் என்றான் அவன். ஏஜென்ட் அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போன் வந்தது. நாகேஷ் அப்பாவை மட்டும் கூப்பிடச் சொன்னான். ஈராக்கில், அமெரிக்கப் படை முகாமில் சமையல்கட்டில் இருக்கிறானாம். பாஸ்போர்ட்டைக் காண்ட்ராக்டர் வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறானாம். குண்டு விழுகிறதாம். எப்படியாவது தன்னை அங்கிருந்து மீட்டுவிடச் சொல்லி அழுதான்.

“அம்மாக்கு மட்டும் தெரிய வாணாம்பா” என்றான்.

ஆதிகேசவன் அதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஈராக்கில் புகுந்த அந்நியப் படையை எதிர்த்து ஒரு கூட்டம் வந்தது. பேசுகிறவர் காக்ஸ் டவுன் வாத்தியார் நோயல். நல்ல மனுஷன். ஆதிகேசவன் அவரைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அங்கே மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும், பேப்பரில் வந்தால் டெல்லிக்கு எட்டும், பேர் மட்டும் வேண்டாம், வீட்டில் தெரியாது என்றார். நோயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரியென்றார்.

கூட்டக்காரர்கள் கேட்டபடி ஒரு ஒலிபெருக்கிக் குழாயை ஜோகுபாளையம் பார்த்துக் கட்டினார். அது அவர் வீட்டுக்கும் கேட்கும்.

நோயல் ஈராக் எண்ணெயில் ஆரம்பித்து மதச் சண்டைக்கு வந்து, வளர்ச்சி வளர்ச்சி என்கிறார்களே, யாருக்கு வளர்ச்சி என்று கேட்டார். கைதட்டல் ஏற ஏற அவருக்கும் சூடு ஏறிவிட்டது.

“யாரோ எவரோ இல்லை. இதோ நமக்கு மைக் போட்டிருக்காரே ஆதிகேசவன், இவர் மகன் நாகேஷ் அந்த முகாம்ல சோறாக்கிட்டிருக்கான். தலைக்கு மேல குண்டு விழுது. அவனைக் கொண்டாந்து சேர்க்க டெல்லிக்கு முடியாதா?”

ஆதிகேசவனின் கை ஆம்ப்ளிஃபயர் திருகின்மேல் இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும், பேச்சு நின்றுவிடும். ஆனால் தன் பிள்ளைக்காக ஒருவர் ஊரறியக் கேட்கிற குரலை அவரே எப்படி அணைப்பார்? திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது எல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“வாத்தியாருக்குச் சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவகிட்ட சொல்ல வாய் வரலியா உனுக்கு?”

 மறுநாள் பேப்பரில் கூட்டம் நடந்ததாக இரண்டு வரி வந்தது. நாகேஷைப் பற்றி ஒன்றுமில்லை.

சில நாள் கழித்துப் பூத்திலிருந்து ஆள் வந்தபோது எல்லம்மாவே ஓடிப்போய்ப் போனை வாங்கினாள். அம்மா குரலைக் கேட்டதும் நாகேஷ் பேச்சை மாற்றிவிட்டான். துபாயில் வெயில் தாங்கவில்லை, ஓட்டலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றான். அந்தப் பக்கம் ஏதோ அதிர்ந்தது. பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்கள் என்றான்.

எல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே ஓடிவந்த ஆதிகேசவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரிப்பா” என்றாள். “துபாய்ல வேளாவேளைக்குத் துன்னு. வெயில்ல அலையாத.”

அதற்கப்புறம் அவனிடமிருந்து போன் வரவேயில்லை. ஆதிகேசவன் ஏஜென்ட் வீடு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து ஓய்ந்துபோனார். யாராவது விசாரித்தால், மகன் துபாயில் ஓட்டல் வேலையில் இருக்கிறான் என்பாள் எல்லம்மா. ஆதிகேசவனும் ஆமாம் என்பார்.