டீக்கு இறங்கிய இருநூறு பேர்

கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில் போயிருக்கிறீர்களா? நான் ஒரு வாரமாகப் போகிறேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழைந்துவிட்டால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை பஸ் கூரையை நலம் விசாரித்துவிட்டு வருகிறது.

காரணம், நான் செய்த ஒரு மோட்.

மோட் என்றால்... ரெடிமேட் சட்டையை வாங்கி, டெய்லரிடம் கொடுத்து நம் அளவுக்குப் பிடிக்கிறோம் இல்லையா? ஆன்லைன் விளையாட்டுக்கு ஆடுகிறவர்களே செய்துகொள்ளும் ஆல்ட்ரேஷன். நாங்கள் ஆடுவது கோட்டை கட்டி, படை திரட்டி மோதும் விளையாட்டு. அதில் குதிரைகளை எடுத்துவிட்டுக் கம்பெனி பஸ் விட்டேன். வீரர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட் மாட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் — டிப்ளமோ. அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவியது என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் நைனா, என் அப்பா. இருபது வருஷமாக லோடிங்கில் மூட்டை தூக்குகிறவர்.

"இன்னாடா, அப்பலேந்து சண்ட போட்டுக்கினே கீறானுங்க... இவனுங்களுக்கு டீ கெடையாதா?"

நியாயமான கேள்வி! உடனே ஒரு விதி சேர்த்தேன். ஆட்டத்தின் இருபதாவது நிமிடம் சங்கு ஊதும். இரண்டு படையும் ஆயுதத்தை நின்ற இடத்தில் வைத்துவிட்டு, எந்த டீக்கடை பக்கமோ அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். டீக்கடையை அவரவர் கட்டிக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியம், நண்பன் முனுசாமி வீட்டில் போட்டி. எங்கள் காஸ்டிங் பிரிவுக்கு நான். பேக்கிங் பிரிவுக்கு ஸ்டெல்லா அக்கா. ஜெயித்த பிரிவுக்கு ஒரு மாதம் பஸ்ஸில் முன்பக்க ஜன்னல் சீட்டு. தோற்றவர்களுக்குக் கடைசி சீட்டு.

பத்தொன்பதாவது நிமிடம். என் இருநூறு பேரும் அக்காவின் கோட்டை வாசலில். கதவில் விரிசல் விழுந்துவிட்டது.

"சரண்டர் ஆயிடுங்கக்கா," என்றேன் பெருந்தன்மையாக.

"இன்னா தம்பி அவசரம்? மணி ஆவட்டும்."

சங்கு ஊதியது. அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

என் டீக்கடை எங்கே? மூன்று மலை தாண்டி, என் ஊரில். அக்காவின் டீக்கடை? கோட்டைக்குள், வாசலை ஒட்டி! என் இருநூறு பேரும் கத்தியை வெளியே வைத்துவிட்டு, தள்ளுமுள்ளு இல்லாமல் உள்ளே போய் வரிசையில் நின்றார்கள். நான் படித்த பள்ளியில்கூட இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

அக்கா நிதானமாகக் கதவைச் சாத்தினார்.

"டேய், நம்ம ஆளுங்க கிளாஸும் கையுமா மாட்டிக்கினானுங்கடா!" என்று அலறினான் முனுசாமி.

"சக்கர போதுமான்னு கேளு தம்பி," என்றார் ஸ்டெல்லா அக்கா.

மறுநாள் பஸ்ஸில், டீ விதியையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தேன். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கடைசி சீட்டில் என்னோடு குலுங்கிக்கொண்டிருந்த முனுசாமியிடமிருந்து!

"சீட்டு போனா போவுது. டீல கை வச்சே... நானே அக்கா பக்கம் பூடுவேன்!"

வீட்டில் நைனாவிடம் முறையிட்டேன். இந்த முறையும் ஒரே கேள்விதான்.

"ஆளுங்க வேல செய்ற எடம் ஒண்ணு, டீக்கட ஒரு எடமா? எவன்டா ஒனக்கு டிப்ளமோ குடுத்தான்?"

அடுத்த மாதம் மறுபடியும் மோதுகிறோம். இந்தத் தடவை என் படைக்கு முன்னால் தள்ளுவண்டி போகிறது — வடையும் உண்டு.