ஜன்னலோர வளைவு

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸில் கண்டக்டர் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே மார்க்கெட் தெருவின் மூன்று திருப்பங்களையும் கடப்பார். ஒரு சொட்டு சிந்தாது. தூங்குகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் விழித்துக்கொண்டு, "இவ்வளவு மெதுவாவா பிரேக் போடுவாங்க?" என்று அவரையே திட்டுவார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு சைக்கிள் மணியைக்கூட அவர் உரசியதில்லை. இப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு சாண் நீள ரயில் என்ஜினை ஒரே ஒரு வளைவில் திருப்ப முடியாமல் ஆறு வருஷம் மானம் போய் நின்றார். இந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு என்னுடையதுதான். ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அதிகமாகச் சிரித்தவள் நான்.

எங்கள் வீட்டில் ரயில் என்றால் விளையாட்டு இல்லை. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பழைய கதவுகளைப் படுக்க வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, கால்கள் அடித்துச் செய்த மேஜை இன்றைக்கும் ஹாலை முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோபா போட இடமில்லை. விருந்தாளிகள் சுவரோரமாக நண்டு மாதிரி நடந்துதான் உள்ளே வரவேண்டும். ஒரு கதவில் சாவித்துவாரம் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிப் பச்சை பெயின்ட் அடித்து, அது கிணறு என்று அப்பா அறிவித்துவிட்டார்.

அப்போது சுவர் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது என்ஜின்கள். அப்பாவுடையவை பத்தொன்பது, என்னுடையவை பதினொன்று, அக்காவுடையவை பத்து. (ஆமாம், அக்காவைவிட எனக்கு ஒன்று அதிகம். அவளும் இதைப் படிப்பாள் என்பதால் எழுதி வைக்கிறேன்.) ஒவ்வொன்றின் கீழும் சொந்தக்காரரின் பெயர் எழுதிய சின்னச் சீட்டு. அந்தச் சீட்டைச் சும்மா ஒட்டிவிட மாட்டார்கள். அலமாரியிலேயே கனமான, நீளமான எக்ஸ்பிரஸ் என்ஜினில் ஏழு பெட்டிகளைக் கோர்த்து, மேஜையை மூன்று சுற்று, தடம் புரளாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரே தடவை, அவரவர் பிறந்தநாளில். ஒத்திகை கிடையாது. ஜெயித்தால் முதல் என்ஜின் கிடைக்கும். அதன்பின் கையில் காசிருக்கிற பிறந்தநாளில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். நான் ஆறு வயதில் ஜெயித்தேன், அக்கா ஏழில்.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்து மூன்று பிறந்தநாள் முயன்று, மூன்று தடவையும் கவிழ்த்துவிட்டு, "எனக்குக் கை சரியில்ல, விடுங்க" என்று அடுக்களைக்குப் போனவள்தான். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. கண்ணாடி டம்ளரா, அம்மாவிடம் கொடுக்காதே. ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமா, அப்பாவைக் கூப்பிடு. நாங்களும் வளர வளர அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அத்தான் வந்தபோது, "பஸ்ஸே ஓட்டறவர், இது என்ன சுண்டைக்காய்" என்று அக்கா பீற்றிக்கொண்டாள். முதல் பிறந்தநாளில் அத்தான் சீருடையைக் கழற்றாமலே வந்து, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டு குமிழைத் திருப்பினார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் ஒயர் குட்டை என்பதால் ஓட்டுகிறவர் அந்த மூலையில்தான் உட்கார முடியும், வளைவும் அங்கேதான். முதல் சுற்றிலேயே எக்ஸ்பிரஸ் அந்த வளைவில் துள்ளிக் குப்புற விழுந்தது. பின்னாலேயே ஏழு பெட்டிகளும். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயிற்று. "கை கொஞ்சம் பழகணும் மாப்ள" என்றார்.

ஆறு பிறந்தநாள் அப்படியே போயிற்று. மெதுவாகப் போனார், விழுந்தது. வேகமாகப் போனார், இன்னும் தூரமாக விழுந்தது. நான் அவருக்கு "கவிழ்ப்பு மன்னர்" என்று பட்டம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டார். ஆனால் அவருக்கு அந்தச் சீட்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாடியிலேயே குடியிருந்து, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போய், தண்ணீர்த் தொட்டி கழுவி, எல்லாம் செய்கிற மனிதர். அலமாரி முன்னால் நிற்கும்போது மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி நிற்பார். அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

பிறகு அவர் மகளுக்கு ஐந்து வயது ஆனது. அவளும் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தாள். பெண் ஓட்டப்போவதைப் பார்க்க அத்தானுக்குத் தைரியமில்லை. "பிளக் ஆடுது, நான் பிடிச்சுக்கறேன்" என்று சாக்கு சொல்லி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் மூன்று சுற்றும் ஓட்டி முடித்தாள். நாற்பத்தோராவது என்ஜின், அதன் கீழே அவள் பெயர். அந்தச் சந்தோஷத்தில் அப்பா ஒரு சுற்று, அக்கா ஒரு சுற்று, நான் ஒரு சுற்று ஓட்டினோம். அத்தான் மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை.

"அப்பா, உனக்கு எப்போ?" என்று குழந்தை குனிந்து கேட்டது. நான்கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட் எனக்கு நிரந்தரம். முதல் சிக்னலில் பஸ் நின்றதும் அவர் திரும்பாமலே பேசினார்.

"வாலு, வளைவு வரும்போது நீ என்ன பண்றே தெரியுமா?"

"குமிழைக் கொஞ்சம் குறைப்பேன்."

"அது கை. காலு?"

"காலா?"

விளக்கு பச்சையானது. அடுத்த சிக்னல் வரை நான் மண்டையைக் குடைந்துகொண்டே போனேன்.

"இடது முட்டியால மேஜைக் காலை வெளிப்பக்கமா தள்றே" என்றார் அங்கே. "உங்க அப்பாவும் தள்றார். உங்க அக்காவும். என் பொண்ணுக்கு முட்டி எட்டல, பாதத்தால தள்ளுது. நாலு பேரும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல. அந்தக் காலு ஒரு நூல் குட்டை. நீங்க தள்ளினா மூலை தூக்கிக்குது, ரெண்டு கதவும் சேர்ற இடம் மட்டமாயிடுது. நான் தள்றதில்ல. எனக்குத் திருப்பம் வந்தா கால் தரையிலதான் இருக்கும், பிரேக் தேடும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறமென்ன அத்தான்! உங்க பிறந்தநாளுக்கு மூணு வாரம்தான் இருக்கு. நீங்களும் முட்டியைக் கொடுத்துத் தள்ளுங்க, முடிஞ்சது வேலை."

அவர் கியரை மாற்றினார். மார்க்கெட் தெருவின் மூன்று திருப்பங்களும் முடிந்து, காய்கறிக் கூடைகள் எல்லாம் ஏறி முடிந்தபின் சொன்னார்.

"நேத்தே அதைத்தான் நினைச்சேன். தள்ளினா எனக்குக் கிடைச்சிடும். அத்தைக்கு?"

அம்மாவை நான் நினைக்கவே இல்லை. அம்மா எந்த ஸ்டூலிலும் ஒருக்களித்துத்தான் உட்காருவாள். முழங்கால் மேஜைக் காலின் பக்கமே போகாது. இறங்க வேண்டிய இடம் வந்தும் நான் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பிறந்தநாளன்று காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றிக் காத்திருந்தோம். அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து, டிக்கெட் கட்டுகளுக்கு அடியில் வருமே, அந்த அட்டைத் துண்டை எடுத்தார். எல்லோர் கண் முன்னாலும் குனிந்து மூலைக் காலின் அடியில் செருகினார்.

"என்ன மாப்ள பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. முதல்ல நீங்க ஒரு சுற்று ஓட்டுங்களேன்."

அப்பா பெரிய மனசு பண்ணி உட்கார்ந்தார். எக்ஸ்பிரஸ் கிணற்றைத் தாண்டியது, ஜன்னலோரம் வந்தது, துள்ளியது, விழுந்தது. என் ஆயுசில் அப்பா கவிழ்த்து நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தள்ளுங்கப்பா, நான் காட்டறேன்" என்று அக்கா உட்கார்ந்தாள், விழுந்தது. விஷயம் தெரிந்தும் நான் உட்கார்ந்தேன். முட்டியை அசைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வளைவு வந்ததும் அது என்னைக் கேட்காமலே போய்த் தள்ளியது. பெட்டிகள் என் மடியிலேயே வந்து விழுந்தன.

அத்தான் உட்கார்ந்தார். பாதங்கள் இரண்டும் தரையில். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அவர் பஸ் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று.

"ஏதோ வித்தை பண்றீங்க" என்றார் அப்பா.

"வித்தை நீங்க பண்ணினது மாமா. கீழ படுத்துப் பாருங்க."

அப்பா ரசமட்டத்தைக் கொண்டுவந்து நின்றபடியே மூலையில் வைத்தார். உள்ளே காற்றுக் குமிழி நடுவில் நின்றது. அட்டையை உருவினார், குமிழி ஓடியது. இத்தனை காலமும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முட்டியைக் கொடுத்துக்கொண்டேதான் அளந்திருக்கிறார்! பிறகு தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, என்னை ஓட்டச் சொல்லி என் முட்டியைப் பார்த்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தவர் மேஜையைப் பார்க்கவில்லை, அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறேன்" என்றார். "இது என் கண்ணுல படலியே."

அத்தான் அட்டையைத் திரும்பச் செருகிவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றார். "அத்தை, ஒரு நிமிஷம் வாங்க."

"நான் எதுக்கு மாப்ள? என் கை..."

"கையைத் துடைச்சிட்டு வாங்க."

அம்மா வந்தாள். ஒருக்களித்து உட்கார்ந்தாள். குமிழை இரண்டு விரலால், சூடான மூடியைத் தொடுகிற மாதிரி தொட்டாள். எக்ஸ்பிரஸ் கிளம்பியது. ஜன்னலோரம் வரும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது திரும்பிப் போய்விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். இரண்டாவது சுற்று, மூன்றாவது. "போதும்மா, மூணு ஆச்சு" என்றாள் அக்கா. அம்மா நிறுத்தவில்லை. ஏழோ எட்டோ சுற்று போனது. நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

"என் கை சரியில்லன்னே நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "முப்பத்தி நாலு வருஷம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். தொண்டையைக் கனைத்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "கை இல்ல, காலு" என்றார் கடைசியில். "என் காலு." அம்மா ஓட்டுவதை நிறுத்தாமலே, "தள்ளி நில்லுங்க, வண்டி வருது" என்றாள். அதன்பின் வீடே சிரித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ரயில் பொம்மைக் கடைக்குப் போனோம். நாற்பத்திரண்டு அம்மாவுக்கு, நாற்பத்து மூன்றுதான் தனக்கு என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கடையிலிருந்த என்ஜின் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, தன் கையாலேயே தூக்கி, திருப்பி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். "பார்த்து, பார்த்து" என்று சொல்ல வாயெடுத்த அப்பாவின் காலை நான் மிதித்தேன்.

அத்தான் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மேல்தட்டில் இருந்த நீல டீசல் என்ஜினைக் காட்டினார். அதை ஏழு வருஷமாக அந்தக் கடை வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் பார்த்து வைத்திருக்கிறார் என்று கண்டக்டர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

கடைக்காரர் அதை இறக்கித் துடைத்து, அத்தானின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பாவுக்கா சார்?"

"இல்லைங்க, எனக்கு" என்றார் அத்தான். "எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு."