பதினோராவது கவிதைக்கு வந்த நன்றி

என் கணவர் இறந்து எட்டு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. கவிதைதான் வந்தது, பதினொன்று. அவரோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சாந்தோம் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு இருபது வருடமாகக் கிட்டார் வாசிப்பவர். "நீங்க படிங்க அண்ணி, நான் கூட வாசிக்கிறேன். ரெகார்ட் பண்ணி வெச்சிக்கலாம்" என்றார். மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் தலையாட்டினேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி அறை. பதிவின்போது ஏசியையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது. முதல் பத்துக் கவிதைகளையும் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி வாசித்து முடித்தேன்.

"மேடம், கொஞ்சம் ஃபீல் வேணும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அது எந்தக் கடையில கிடைக்கும்?"

அவர் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

கடைசிக் கவிதை என் கணவர் போன நாளைப் பற்றியது. அதையாவது உயிரோடு வாசிக்க வேண்டும். இல்லையென்றால் அவர்மேல் எனக்கு ஒன்றுமே இருந்ததில்லை என்றாகிவிடுமோ என்று பயந்தேன். நான்கு முறை பதிவு செய்தோம், நான்கும் மரக்கட்டை. ஐந்தாவது முறையும் அதே குரலில்தான் முடிவுக்கு வந்தேன்.

செருப்பை மட்டும் ஒரு பையில் போட்டு
என்னிடம் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.

கிட்டார் நின்றது. தலையைக் குனிந்தபடி கிட்டார்காரர் தெளிவாகச் சொன்னார்: "இறைவா, உமக்கு நன்றி."

பூசையில் பைபிள் வாசகம் படித்து முடித்ததும் கோயிலே சேர்ந்து சொல்லும் பதில் அது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அண்ணி, மன்னிச்சிடுங்க. நீங்க படிச்சு நிறுத்தினதும் பழக்கத்துல வந்துடுச்சு."

"எதுக்கு நன்றி?" என்றேன். "சொல்லுங்க, எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்திருந்தது. அவர்மேல் இல்லை. கடவுள்மேலா, பேசாமல் பையை வாங்கிக்கொண்ட என்மேலா, தெரியவில்லை. குரல் உடைந்து கத்திக்கொண்டிருந்தேன். கிட்டார்காரர் அழுதார்.

ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், ரெகார்டிங் ஓடிக்கினே கீது. கடைசில பேசினத வெட்டிடவா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் பழையபடி மரத்துப்போனேன். சோறு வடித்தேன், துணி மடித்தேன். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். பதினொரு கவிதையிலும் யாரோ ஒருத்தி வாசிக்கிறாள். கடைசியில், எதற்கு நன்றி என்று கேட்கும் இடத்தில்தான், கணவனைப் பறிகொடுத்த நான் இருக்கிறேன்.