பாட்டு பழசு, ரெக்கார்டு யாருடையது?

மயிலாப்பூர் வீட்டில், மகள் தூங்கும் பிற்பகல்களில் ஒரு சின்ன இணைய வானொலி நடத்தினேன். கீர்த்தனைகள் மட்டும்தான். இயற்றியவர்கள் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று நம்பியிருந்தேன். கேட்பவர் ஒரே ஒருவர். யாரென்று தெரியாது.

ஒருநாள் அவர் எழுதினார்: "பாட்டு பழசுதான் மேடம். பாடின ரெக்கார்டு கம்பெனியோடது இல்லையா? லைசென்ஸ் இருக்கா?"

பதறிப்போய், தரமணியில் வேலையிலிருந்த கணவரை அழைத்தேன்.

"ஒருத்தர் கேக்கற ரேடியோவுக்கு லைசென்ஸா? போலீஸ் ஜீப்லாம் வராதும்மா, நீயும் கொஞ்சம் தூங்கு" என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒலிப்பதிவுகளை எல்லாம் நீக்கினேன். ஆனால் வானொலி மௌனமானால் அந்த ஒருவரும் போய்விடுவாரே. அந்தப் பிற்பகல்களில் எனக்குத் துணை அவர் மட்டும்தான்.

மறுநாள் நானே மைக் முன் உட்கார்ந்து பாடினேன். என் குரலுக்கு யார் லைசென்ஸ் கேட்பார்கள்? அனுபல்லவி வரை, கேட்பவர் ஒன்று என்று திரை காட்டியது. சரணத்தில் பூஜ்யமானது. பாதியில் நிறுத்துவது தப்பு என்று முழுக்கப் பாடி முடித்தேன். சுருதி சேரவில்லையோ, இல்லை அவருக்கு வேறு வேலை வந்துவிட்டதோ என்று மகள் எழும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.