குழிக்குக் குடை பிடித்தவர்

வாவிக்கரை உணவகத்தில், காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் பாதைக்கு ஒலிபெருக்கி பூட்ட வந்தவர் அந்த ஏறாவூர்க்காரர். வெள்ளைத் தொப்பி, ஒட்டிய கன்னம். எதைத் தொடும் முன்னும், "இது ஆருட வேலை?" என்று கேட்பார்.

மறுநாள் திறப்புவிழா. ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் குழி தோண்டுவது அவரா, கட்டடவேலைக்கு வந்த மேசனா என்று மேற்பார்வையாளனான நான் முன்பே பிரித்துக் கொடுக்கவில்லை.

"குழி என்ட வேலையில்ல, சேர்." அவர் அசையவில்லை. எல்லோர் முன்னாலும் அவரைச் சோம்பேறி என்றேன்.

கடைசியில் மேசன் தோண்டத் தொடங்க, மழை பிடித்தது. நான் காருக்குள் ஓடினேன். அவரோ தன் குடையை மேசனுக்குப் பிடித்து, நனைந்தபடி நின்றார்.

"இது மட்டும் உங்கட வேலையோ?" என்றேன், கார்க் கண்ணாடியை இறக்கி.

"இது ஒருத்தர்ட வேலையும் இல்ல, சேர். அதாலதான் பிடிக்கிறன்."

அவரிடம் மன்னிப்புக் கேட்பது என் வேலை. இன்னும் செய்யவில்லை.