சந்தி விளக்கும் பிலோமினா அப்பம்மாவும்

கியூபெக் மாகாணத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் ஒரு சந்தி. குடையை நீட்டிப் பிடித்தபடி பிலோமினா அப்பம்மா ஒரு லொறியை மறித்து நிற்கிறார். வானத்தில் ஒரு பொட்டு முகில்கூட இல்லை. குடை மழைக்கல்ல, வாகனங்களுக்கு. மறு கையில் செபமாலை. பாதசாரிகளுக்கான விளக்கில் வெள்ளை உருவம் நடக்கத் தொடங்கியதும் அவர் 'அருள் நிறைந்த மரியாயே' என்று தொடங்குவார். 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்துக்கு வரும்போது உருவம் மறைந்து, நில் என்று சிவப்புக் கை ஒளிர்ந்துவிடும். அப்போது அவர் நடுவீதியில் நிற்பார்.

"மாதா முன்கூட்டியே சொல்லிப் போட்டா புள்ள. இந்தச் சந்தியில செத்தா அவ பொறுப்பில்லையாம்."

மட்டக்களப்பில் பிறந்தவர். சபானெல் தெருப் பக்கத்துத் தையல் ஆலைகளில் காற்சட்டைக்குப் பை தைத்தே பிள்ளைகளை வளர்த்தார். கணவர் கிறிஸ்தோப்பர் நல்ல மனிதர், ஆனால் சீக்கிரம் போய்விட்டார். அந்தக் கோபம் பிலோமினாவுக்கு இன்னும் தீரவில்லை. கல்லறைக்குப் பூக் கொண்டுபோனால் முதலில் திட்டிவிட்டுத்தான் பூவை வைப்பார். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பார்கள், இவர் தமிழில் தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் இரண்டு பக்கமும் தோற்றுப்போகும். அவர்களைப் பார்த்து வட்டாரமே அவரை அப்பம்மா என்கிறது, அவரைவிட மூத்தவரான பக்கத்து வீட்டு யோகராசா உட்பட.

காலைப் பூசையைத் தவற விடமாட்டார். பூசை முடிந்தால் ஊர் வேலை. புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்குக் குளிர்கோட்டு சேர்ப்பது இவர்தான். யார் வீட்டு அலுமாரியில் எது சும்மா தொங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். "அது இனி உன்ட வயித்தில பூட்டாது மனே, தா இஞ்ச" என்று உரிமையோடு கழற்றிக்கொண்டு போவார். தேர்தல் நாளில் கதவு கதவாகத் தட்டுவார். "ஆருக்கும் போடு, ஆனாப் போடு. போடாம இரிக்கிறவனுக்கு என்ட வீட்டில தேத்தண்ணி இல்ல." அவர் யாருக்குப் போடுவார் என்பது மட்டும் கிறிஸ்தோப்பருக்கே தெரியாமல் போன விஷயம்.

இத்தனை அதிகாரமும் ஒருவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. அவர் கனகமணி, தையல் ஆலையில் பக்கத்து மெஷின்காரி. ஒருவர் மாதாவிடமும் மற்றவர் பிள்ளையாரிடமும் போக, சந்தியை இருவரும் சேர்ந்தே கடப்பார்கள். போன பனிக்காலத்தில், இருவரும் நடுவீதியில் நிற்க விளக்கில் சிவப்புக் கை ஒளிர்ந்த நேரம், ஒரு கார் உரசிக்கொண்டு போனது. கனகமணி பனிக்கட்டியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காயமொன்றுமில்லை. ஆனால் அதன்பின் அவர் வெளியே வரவேயில்லை.

"நான் சன்னலாலயே பிள்ளையாரைக் கும்பிடுறன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

அந்தச் சன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தனியே நடக்கும்போது பிலோமினாவுக்கு அழுகை வரும். அழுகை வந்தால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நேரே நகரசபையின் வட்டாரக் கூட்டத்துக்குப் போவார். 'விளக்கு வேகம், கிழவி மெது' என்ற அளவில் அவருக்குப் பிரெஞ்சு தெரியும். அதையே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, அங்கே அவருக்கு விளக்கு மதாம் என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

இதற்கிடையில் மருமகள் வித்தியாவுக்கு ஓர் ஆசை வந்தது. வித்தியா சென்னைப் பெண், கணினி நிறுவனத்தில் வேலை, பிரெஞ்சை முறையாகப் படித்தவள். சந்தியோரத்துச் சின்னப் பூங்காவுக்கு அத்தையின் பெயரை வைக்கவேண்டும் என்று, பக்தி, குடும்பம், ஊர்ச்சேவை எல்லாவற்றையும் உருகி உருகி எழுதி, ஒருவருக்கும் சொல்லாமல் அந்தக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டாள். சென்னையில் தலைவர்கள் உயிரோடிருக்கும்போதே தெருவுக்கும் நகருக்கும் பெயராகிவிடுவார்கள். கியூபெக்கிலோ ஆள் இறந்து ஓராண்டாவது ஆகவேண்டும். அது வித்தியாவுக்குத் தெரியாது. பூங்காவுக்குப் பெயர் கேட்கிறார்கள் என்றால் ஆள் போய்விட்டார் என்று கூட்டத் தலைவி நினைத்ததிலும் பிழை சொல்ல முடியாது; விளக்கு மதாமின் பெயர்தான் அது என்று அவருக்குத் தெரியாதே.

கூட்டத்தில் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தழுதழுத்த குரலில், வேகமான பிரெஞ்சில் எதையோ வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிலோமினாவும் எழுந்தார். சிலுவை போட்டுத் தலையைக் குனிந்தார். மண்டபம் மௌனமாயிருக்க, பக்கத்தில் நின்ற வித்தியாவின் காதுக்குள் கேட்டார்:

"ஆரு புள்ள செத்தது? பாவம்."

"அத்தை... நீங்கதான்."

"எப்ப?"

வித்தியா ஒலிவாங்கிக்கு ஓடினாள். மன்னிப்புக் கேட்டாள், விளக்கினாள், திரும்பவும் மன்னிப்புக் கேட்டாள். தலைவியின் முகம் சிவந்தது. உயிரோடிருப்பவர் பெயரை வைக்க வழியில்லை என்று அவரும் மன்னிப்புக் கேட்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு மண்டபமே சிரித்தது. பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு இன்னொரு தரம் வராது என்று அவருக்குப் பட்டது. முன்னே வித்தியாவிடம் போனார்.

"எனக்குப் பேர் வேணாமெண்டு சொல்லு புள்ள. அந்த விளக்கு நேரத்தக் கொஞ்சம் நீட்டச் சொல்லு. இல்லாட்டி இவங்க என்ட பேர வைக்கிற நாள் கெதியா வந்திடும்."

"அத்தை, இத அப்படியேவா சொல்றது?"

"அப்படியே சொல்லு. நீ சீனி கீனி ஒண்டும் போடாத."

வித்தியா அப்படியே சொன்னாள். இந்த முறை யாருமே எழுந்து நிற்கச் சொல்லாமல் மண்டபம் மௌனமானது. தலைவி பேனாவை எடுத்தார்.

கோடை பிறந்தபோது விளக்கு நேரம் நீண்டிருந்தது. தனியே நடந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, பிலோமினா நேரே போய்க் கனகமணியின் கதவை இடித்தார். முன்பெல்லாம்போல இந்த முறை அவர் கெஞ்சவில்லை. செருப்பை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

சந்தியில் வெள்ளை உருவம் வந்தது. கனகமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார். வாகனங்கள் காத்து நின்றன. ஒரு கார்க்காரர் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தார்.

"வந்திட்டமோ?" என்றார் கனகமணி, நடைபாதையில் கால் பட்டதும்.

"ஓம். கண்ணத் திறங்க."

பிலோமினா திரும்பிப் பார்த்தார். விளக்கில் உருவம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஹோர்ன் அடித்தவரைப் பார்த்து அழகாக ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு கனகமணியைத் தோளில் பிடித்துத் திருப்பி, அதே கார்களுக்கு முன்னால், வந்த வழியே மறுபடியும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.