கொண்டையிலிருந்து விழுந்த அந்துப்பூச்சி

என் வேலை குளவி வளர்ப்பது. கிள்ளானில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில், அரிசித் தவிட்டில் அந்துப்பூச்சிகளை வளர்த்து, அவை இடும் முட்டைகளைச் சலித்து அட்டைகளில் ஒட்டுவோம். புள்ளி அளவே இருக்கும் ஒரு குளவி, அந்த முட்டைகளுக்குள் தன் முட்டையை வைத்துவிடும்; குளவிக் குஞ்சு உள்ளிருப்பதைத் தின்று வளரும். காய்கறி பயிரிடுபவர்கள் அட்டைகளை வாங்கிப்போய்ச் செடிகளில் கட்டுவார்கள். வெளிவரும் குளவிகள் பயிரில் உள்ள பூச்சி முட்டைகளுக்குள்ளும் அப்படியே முட்டை வைத்துவிட, புழு பிறப்பதில்லை.

சொல்லக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்துப்பூச்சித் தூள் உடம்பெல்லாம் ஒட்டும். குளித்தாலும் தவிட்டு வாடை போகாது. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தேய்த்தாலே எனக்குக் கூசும்.

போன வருடம், மகள் விரும்பிய பையனின் பெற்றோரைப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் சந்தித்தோம். வேலை முடிந்து நேராகப் போய், அங்கே கழிப்பறையில் சேலை மாற்றிக்கொண்டேன்.

"நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்று பையனின் அம்மா கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா குளவி வளக்கிறாங்க ஆன்டி! செடியில புழு வராம இருக்க." குரலில் அத்தனை பெருமை.

"சும்மா சொல்றா லா. ஆபீஸ்ல கணக்கு பாக்கிறேன்" என்று சிரித்தேன். மகளின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் என் கொண்டையிலிருந்து ஓர் அந்துப்பூச்சி தோசைத் தட்டருகே விழுந்து ஊர்ந்தது. நான் சட்னியைப் பார்த்தபடி இருந்தேன்.

"என்ன கடை இது? பூச்சியெல்லாம் வருது" என்று பையனின் அம்மா குரலை உயர்த்தினார். பரிமாறியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என் வயதிருக்கும். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று மேசையைத் துடைத்தார். முதலாளி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னைய ஏம்மா பொய்க்காரி ஆக்குனீங்க?"

சில நாள் கழித்துப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "உங்க முடியிலேருந்துதான் விழுந்துச்சு, பாத்தேன். உங்களுக்கு வெக்கமாயிருக்குமேன்னுதான் கடை மேல பழிய போட்டேன்."

நன்றி சொல்லத்தான் நினைத்தேன்.

"பரிமாறுன அந்த அண்ணே பாவம்" என்றேன் கடைசியில்.

"ஆமா, பாவம்தான்" என்றார் அவரும்.